வீடு குடும்பத்தினருக்கு மட்டும்

அத்தியாயம் 11

மணி மூன்றே கால் ஆகியும் ஒரு கார்கூட வரவில்லை.

ஹெனகன் வீட்டு முன்னறையில் சுவரோரமாக முப்பத்திரண்டு நாற்காலிகள். ஆறு வீட்டுடையவை. மற்றவற்றைப் பங்குத் தேவாலய மன்றத்திலிருந்து மகன் டெக்லன் காலையில் வேனில் ஏற்றி வந்திருந்தான். நடுவில், திறந்த பெட்டிக்குள், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு டோனல் ஹெனகன் படுத்திருந்தார்.

செவ்வாய் காலை ஏழே காலுக்குப் போன மூச்சு. ஜனவரியில் முதுகுவலி என்று ஆரம்பித்தது மே முடிவதற்குள் ஆளை முடித்துவிட்டது. லீட்ஸ் நகரத்து மருத்துவமனை மருந்தகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகள் ஓர்லா வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரமும் அவளும் தம்பியும் மருந்து வேளைக்காகச் சண்டை போட்டார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டார்கள். அப்பா கண்ணை மூடியதும் சண்டையும் நின்றுவிட்டது. வீடு பயங்கர அமைதியாக இருந்தது.

இன்று புதன். ஊரார் வந்து பார்க்க உடல் வீட்டில் இருக்கும் நாள். நாளை பதினோரு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு அடக்கம்.

சமையலறையில் மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. தட்டுத் தட்டாக சாண்ட்விச், ஈரத்துணி போர்த்தியபடி. எண்பது கோப்பை. அம்மா பிரீடா அதிகாலையிலிருந்து நின்றுகொண்டே முட்டையும் வெங்காயமும் பிசைந்திருந்தாள்.

"ரெண்டு மணிக்கே வந்திருக்கணும்" என்றாள் பிரீடா, மூன்றாவது முறையாக. "டிம்ப்னா கோய்ன் ரெண்டடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வாசல்ல நிப்பா. எந்தச் சாவுக்கும் அவதான் முதல்ல. அவ காருக்குக்கூட என்ன ஆச்சு?"

ஓர்லா மேஜையருகே நின்றிருந்தாள். கோப்பைகளின் கைப்பிடிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கிடந்தபடியே கிடந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. யாரும் வராத காரணம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பால் போதாது" என்று டெக்லன் கடைக்குப் போயிருந்தான். மூன்றரைக்கு வேன் திரும்பி வந்த சத்தம் கேட்டது. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. பின்பக்க ஜன்னலில் நின்று, பால் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அக்காவைப் பார்த்துத் தலையசைத்து வெளியே கூப்பிட்டான்.

கொட்டகை ஓரமாகப் போனார்கள். குழாய்த் துண்டுகள், வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் ஒன்று, சுருட்டிய கறுப்புக் குழாய் வளையங்கள். குழாய் வேலை செய்த அப்பா விட்டுவிட்டுப் போன சாமான்கள்.

"கடையில பத்துப் பேர் இருந்தாங்க" என்றான் டெக்லன். "எல்லாரும் கறுப்புக் கோட்டு. நான் உள்ள போனதும் பேச்சு நின்னுபோச்சு. டிம்ப்னா கேக்கைக் கையில வச்சுக்கிட்டு அங்கயே நிக்கறா. எங்கிட்ட நீட்டறா. 'நீயே கொண்டுபோய்க் குடுத்துடுப்பா, நாங்க தொந்தரவு பண்ணல'ன்னு சொல்றா. என்ன தொந்தரவுன்னு கேட்டேன்."

ஓர்லா கீழே பார்த்தாள்.

"ரேடியோவுல சொன்னாங்களாம். நேத்து அஞ்சு மணிக்கு, இன்னிக்குப் பதினோரு மணிக்கு. 'வீடு குடும்பத்தினருக்கு மட்டும்'னு." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "காலையில மன்றத்துல சாவி குடுத்தவன் 'இத்தனை நாற்காலி எதுக்கு'ன்னு கேட்டான். அவனுக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். மாலக்கிகிட்ட அறிவிப்பு சொன்னது நீதானே?"

"ஆமா."

"அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

டெக்லன் பால் புட்டியைப் பாய்லர் மேல் வைத்தான். 

"மகாராணிக்குக் கூட்டம் ஆகாது. சரி. ஆனா அது உன் சாவு இல்ல, ஓர்லா."

இந்தப் பக்கத்தில் மரண அறிவிப்பு என்பது ரேடியோவில் செய்திக்கு அடுத்து வருவது. அதைக் கேட்காமல் யாரும் அடுப்பை அணைக்க மாட்டார்கள். ஆனால் நேற்றுக் காலை, கணவனின் கண்ணை மூடிய கையோடு, பிரீடா ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அறிவிப்பு வாசிக்கும் அந்தப் பெண் குரலில் அவர் பெயரைக் கேட்க முடியாது என்றாள். தொலைபேசியையும் துணிப்பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது இந்த வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

ஓர்லா சின்னவளாக இருந்தபோது 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்பதை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. அது வெளியூர்க்காரர்களுக்கு, நமக்கில்லை என்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக ஊரே வந்துவிடும். அப்படித்தான் நடக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். பத்துப் பேர் வருவார்கள், நானூறு பேர் வரமாட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வாசலில் நின்று ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போகப் பழகிய ஊர், இப்போது அந்த மூன்று வார்த்தைகளை வேதமாக எடுத்துக்கொள்கிறது என்பது இங்கே இல்லாதவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"மாத்திடலாம்" என்றாள். "மாலக்கிக்கு இப்பவே போன் பண்றேன்."

மாலக்கிதான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா அடக்கத்துக்கும் ஏற்பாடு செய்பவர். எதிரில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பதைப்போல மெதுவாகப் பேசுவார்.

"மாத்தலாம்மா, மாத்தலாம். அஞ்சு மணி அறிவிப்புக்கு நாலுக்குள்ள நான் ஸ்டேஷனுக்குச் சொல்லியாகணும். ஆனா ஒண்ணு. நேத்து நீ சொன்னப்பவே எனக்கு மனசு ஒப்பல. டோனல் ஹெனகன் வீட்டைச் சாத்தறதா? இந்த ஊர்ல நாப்பது வீட்டுச் சாவுல பாய்லர் நின்னுபோய் அவர் வந்து சரி பண்ணிக் குடுத்திருக்கார். சடலம் உள்ள, அவர் கொட்டகையில. ஆனாலும் வீட்டுப் பொண்ணு சொல்றாளேன்னு எழுதிக்கிட்டேன். இந்தத் தடவை பிரீடா வாயால கேட்டாத்தான் எழுதுவேன். கோவிச்சுக்காத."

மணி மூன்று நாற்பது.

"நீதான் சொல்லணும்" என்றான் டெக்லன். "நான் பக்கத்துலகூட நிக்க மாட்டேன்."

முன்னறையில் பிரீடா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"யாரும் வரப்போறதில்ல. டெக்லன் பூசைக்கு முன்னாடி இதைத் திருப்பிக் குடுத்துடட்டும்." நாலாவது நாற்காலியைத் தூக்கினாள். "மீட்டர் சண்டையை இன்னும் மறக்கல இவங்க. எனக்குத் தோணிட்டே இருந்துச்சு."

நாற்பத்தைந்து வருடம் முன்பு ஏரியிலிருந்து அறுபத்து மூன்று வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஊர்த் திட்டத்துக்குக் குழி வெட்டியவர்களில் டோனலும் ஒருவர். அன்று முதல் அதன் வால்வுகளுக்கு அவர்தான் காவல். இரண்டு வருடம் முன்பு, கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வீட்டுக்கொரு மீட்டர் வைக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். பாதி மன்றம் எழுந்து போய்விட்டது. ஜார்லத் ஃபேடன் போகிற போக்கில், "உன்னை எவன்டா எங்க குழாய்க்கு ராஜாவாக்கினான்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்" என்றாள் பிரீடா. "இந்த மனுஷனுக்கும் பிடிவாதம் கொஞ்சமா? கேட்டியா டோனல்? விட்டுடு, விட்டுடுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். "ஆனா ஒருத்தர்கூடவா? நாளைக்குப் பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். டெக்லன் ஒண்ணு. மாலக்கியோட ஆளுங்க ரெண்டு. நீ ஒரு மூலையைப் பிடிப்பியா, ஓர்லா? உனக்குத் தோள் கொஞ்சம் உயரம் கம்மி."

ஓர்லா அந்த அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக் கீழே வைத்தாள். உட்காரவில்லை.

"அவங்களுக்குக் கோவம் இல்லம்மா. எல்லாரும் கடையில நிக்கறாங்க, கோட்டு போட்டுக்கிட்டு. நான்தான் வரவேண்டாம்னு சொன்னேன். ரேடியோவுல. 'வீடு குடும்பத்தினருக்கு மட்டும்'னு மாலக்கிகிட்ட எழுதச் சொன்னது நான்."

பிரீடா புரியாதவளைப்போல அவளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள், அவரிடம் சரிபார்த்துக்கொள்வது போல.

"எதுக்கு?"

வழியெல்லாம் தயார் செய்திருந்த பதில் வேறு. உனக்கு அலைச்சல், நீ இரவெல்லாம் தூங்கவில்லை, கூட்டம் தாங்காது. அவை எல்லாம் வாய்க்கு வந்தன. வாயைவிட்டு வரவில்லை.

"ஒரு நாளாவது நமக்கு மட்டும் இருக்கட்டும்னு."

சொன்னதும் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. நாற்பத்தொரு வயதுப் பெண் சொல்கிற காரணமா இது? ஆனால் அந்தச் சின்னதுக்குப் பின்னால் ஒரு நீளமான வரிசை நின்றது. கிறிஸ்துமஸ் வான்கோழியை வெட்டக் கத்தியை எடுத்த கணத்தில் அடித்த தொலைபேசிகள். பள்ளிப் பரிசளிப்பில் காலியாக இருந்த ஒரு இருக்கை. இருபத்திரண்டு வயதில் அவள் இங்கிலாந்துக்குக் கிளம்பிய நாள். விமான நிலையத்துக்கு அப்பாதான் வேனில் அழைத்துப் போனார். வழியில் "ஒரே நிமிஷம்" என்று கோய்ன் வீட்டில் நிறுத்தினார். பம்ப் சத்தம் சரியில்லையாம். ஒரு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்குத் திரும்பிக் கையசைக்க நேரமிருக்கவில்லை. விமானத்தில் உட்கார்ந்து அவள் அழுதது பிரிவுக்காக இல்லை. பம்புக்காக.

"இப்பவாவது அவர் எங்கேயும் எழுந்து போக முடியாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பிரீடா அடிக்க வருவாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் நாற்காலியை விட்டுவிட்டு மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த ஆசை இல்லேன்னு நெனச்சியா? கல்யாணமான மூணாம் நாள் ஒருத்தி அடுப்படியில தண்ணி ஒழுகுதுன்னு வாளியோட வந்து நின்னா. நான் இன்னும் அந்த வாளியையும் மறக்கல, அவளையும் மறக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா நான் அவரைச் சாத்தி வைக்கல, ஓர்லா. சாத்தி வச்சிருந்தா நான் கட்டிக்கிட்ட ஆள் அவரா இருக்க மாட்டார். போனைக் குடு."

மணி நான்காக ஆறு நிமிடம். மாலக்கி அந்தப் பக்கம் எடுத்ததும் பிரீடா முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

"எழுதிக்கோ மாலக்கி. வீடு தெறந்திருக்கு. யாரும் முன்கூட்டிக் கேக்க வேண்டாம். சாண்ட்விச் காயுதுன்னும் போடணும்னா போட்டுக்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு மணிக்குச் சொல்வாங்க. அதுவரைக்கும் ஒரு மணி நேரம் இருக்கு. அது உன்னோடது. நானும் வரமாட்டேன், டெக்லனும் வரமாட்டான். நீ கேட்டது இதுதானே? உக்காரு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஓர்லா உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தி ஒன்று லேசாகப் புகைந்தது. ஜெபமாலை சுற்றிய அப்பாவின் கைகளை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். இடது கட்டைவிரல் நகம் எப்போதும்போல் கறுத்திருந்தது. மாலக்கி எவ்வளவு தேய்த்தும் விரல் ரேகைகளில் இருந்த செம்புக் குழாயின் பச்சைக் கறை போகவில்லை.

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஏன் நிறுத்தினீங்க அந்த பம்புக்கு? வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"லீட்ஸ்ல என் பிளாட்டுல சமையலறைக் குழாய் சொட்டுதுப்பா. ஆறு மாசமா. ஆளைக் கூப்பிடல."

அவர் அசையவில்லை. அந்த விஷயத்தைக் கேட்டும் அசையாத டோனல் ஹெனகனைப் பார்த்தபோதுதான் அவர் இறந்துவிட்டார் என்பது அவளுக்கு முழுசாக உறைத்தது. தலையைப் பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், நிறைய.

அழுது முடிந்தபோது மணி நான்கு இருபது. இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

அப்பாவும் தானும் மட்டும் இருந்த ஒரு ஞாபகத்தைத் தேடிப் பார்த்தாள். கிடைத்தவற்றில் எல்லாம் வேறு யாரோ இருந்தார்கள். ஒன்பது வயதில் யாரோ ஒரு கிழவியின் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் காட்டிக்கொண்டு நின்றது. கிழவி பிஸ்கட் கொடுத்தாள். அப்பா தொட்டிக்கு அடியிலிருந்து, "இடது பக்கம் காட்டு. உன் இடது இல்ல, என் இடது" என்றார். அந்தக் கிழவியை வெட்டி எடுத்துவிட்டால் அப்பாவையும் சேர்த்து வெட்டத்தான் வேண்டியிருந்தது.

நான்கு நாற்பதுக்கு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தோம் என்பது தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. கேட்டு வாங்கிய ஒரு மணி நேரம் கனக்க ஆரம்பித்துவிட்டது. அறை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். அவள் இருபது வருடம் ஏங்கியது இந்த அமைதிக்கு இல்லை. அது என்ன என்று சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை. ஆனால் அது இந்த அறைக்குள் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

எழுந்து, அம்மா அடுக்கிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரமாகப் போட்டாள்.

ஐந்து மணிக்கு டெக்லன் சமையலறையில் ரேடியோவின் பிளக்கைச் செருகினான். கதவு வழியாக அந்தப் பெண் குரல் வந்தது. டோனல் ஹெனகன், கில்லாவ்ரன் ஊர். பிரீடாவின் அன்புக் கணவர். ஓர்லா, டெக்லன் ஆகியோரின் தந்தை. முன்னர் அறிவித்ததில் மாற்றம்: வீடு திறந்திருக்கிறது.

ஐந்து ஏழுக்கு முதல் கார் வந்தது. காருக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். டிம்ப்னா கோய்ன், கேக்கோடு.

"மூணு மணி நேரமா இந்தக் கோட்டுல வேகறேன், பிரீடா" என்று சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்தாள். "எனக்கும் ஒரு பெட்டி சொல்லி வச்சிருக்கணும்."

அரை மணி நேரத்தில் வரிசை முற்றம் தாண்டி, வாயில் தாண்டி, பால் பண்ணைத் திருப்பம்வரை போய்விட்டது. வழக்கப்படி பெட்டியின் தலைமாட்டில் பிரீடா, அடுத்து ஓர்லா, அடுத்து டெக்லன். வருகிறவர் ஒவ்வொருவரும் மூவர் கையையும் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்தறோம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். போகாமல் நின்றார்கள். எல்லோரிடமும் ஒரு பாய்லர் கதை இருந்தது.

ஜார்லத் ஃபேடன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே வந்தான். பிரீடாவின் முதுகு விறைத்தது.

"மீட்டர் விஷயத்துல அவன் சொன்னதுதான் சரி" என்றான் தரையைப் பார்த்து. "என் தோட்டத்துக்கு அடியிலதான் ஒழுகியிருக்கு, பதினாறு வருஷமா. போன மாசம் தெரிஞ்சுது. சொல்ல வரணும்னு இருந்தேன். சொன்னா சிரிப்பானேன்னு தள்ளிப் போட்டேன்."

"சிரிச்சிருப்பார்" என்றாள் பிரீடா. "நாளைக்கு ஒரு மூலை பிடி. அதுக்கும் சிரிப்பார்."

அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாண்ட்விச் பக்கம் போனான்.

ஓர்லாவின் கை வலித்தது. பாதிப் பேரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கோ அவள் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினாள் என்பதுவரை தெரிந்திருந்தது. தெரியாத ஒரு பெரியவர் அவள் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"நீ நல்ல முடிவு எடுத்தேம்மா. அம்மாவுக்குத் துணை."

என்ன முடிவு என்று கேட்பதற்குள் நகர்ந்துவிட்டார். அடுத்து வந்த பெண்ணும் அதையே வேறு மாதிரி சொன்னாள். "செப்டம்பர்ல வந்துடறியாமே? என் பசங்க ஸ்கூல் பக்கத்துலயே ஒரு வீடு காலியாகுது."

"யார் சொன்னா?" என்றாள் ஓர்லா.

"வேற யாரு? உங்கப்பாதான். ஈஸ்டருக்கு எங்க ரேடியேட்டரைப் பார்க்க வந்தப்போ. முதுகு வலிக்குது, நிக்க முடியல, ஆனாலும் அதைச் சொல்லிட்டுத்தான் போனார்."

அவள் லீட்ஸை விட்டு வருவதாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அவளைக் கேட்டதுமில்லை. அப்பா ஐந்து வாரமும் அவள் கையால் மருந்து வாங்கிக் குடித்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் மருந்துக்கடை பினோலா வரிசையில் முன்னே வந்தாள். அறுபது வயது, கம்பீரமான பெண். துக்கம் விசாரித்துவிட்டு, குனிந்து, ரகசியம்போலச் சொன்னாள்.

"சாவகாசமா வா. கடையில வேலை இடத்தை உனக்காக வச்சிருக்கேன். டோனல்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். அவருக்கு நான் இல்லேன்னு சொன்னதே கிடையாது."

ஓர்லாவின் முகத்தில் சூடு ஏறியது. கோபம்தான். அதே பழைய கோபம், பம்புக்காக வேனில் உட்கார்ந்திருந்த கோபம். என்னையும் ஒரு வீட்டுக் கசிவாக எண்ணி, என்னைக் கேட்காமலே வந்து பழுதுபார்த்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவர் இப்படித்தான் இருந்திருக்கிறார்.

"அம்மா" என்றாள், உதடு அசையாமல். "உனக்கு இது தெரியுமா?"

பிரீடா அடுத்தவரின் கையைப் பிடித்திருந்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் காது நுனி சிவந்தது.

"நாளைக்குப் பேசலாம்" என்றாள். "கையை நீட்டு. வரிசை நிக்குது."